மடிப்பில் நைந்த சீட்டு

தாராவி தொண்ணூறடி ரோட்டில் மருந்துக் கடையில் நிற்கத் தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. போதை என்றால் சந்துக்குள் கைமாறும் கஞ்சா, பிரவுன் சுகர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குளித்துத் திருநீறு பூசி, டாக்டர் சீட்டோடு பட்டப்பகலில் கவுண்டர் முன்னால் வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்படி வந்து நின்ற அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. டாக்டர் ஐந்து நாளைக்கு டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதியிருந்தார். "இதுக்குத்தான் வலி கேக்குது தம்பி" என்று மறுவாரமும் அதே சீட்டோடு வந்தார். கொடுத்தேன். பிறகும் கொடுத்தேன். ஊர்க்காரர், கடையில் கூட்டம் என்றெல்லாம் சொல்லலாம், எதுவும் காரணமாகாது. 2014 மார்ச்சிலிருந்தே அது அரசின் எச்1 கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் ஏற்றி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். ஏற்றினேன். ஒரே பெயர் ஒரே மாதத்தில் நான்கு தடவை வந்ததை, எழுதிய நானே கவனிக்கவில்லை.

2017 மழைக்காலத்தில் ஒரு நாள் காலையிலேயே வந்தார். கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கவுண்டர் மேல் வைத்த கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. "சளி பிடிச்சிருக்கு தம்பி" என்றார். சீட்டு மடிப்பில் நைந்து இரண்டாகப் பிரிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. தேதி ஐந்து மாதம் பழையது. டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. மாதக்கணக்கில் பழகிய உடம்புக்கு அது கிடைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். படித்ததுதான். அன்றைக்குத்தான் உறைத்தது.

பயந்துபோய், "இனிமே கிடையாது அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டேன். முதலில் செய்த தப்பைவிட இது பெரிய தப்பு. உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அவர் நாலு கடை ஏறி இறங்கி, ஒரு நாளைக்குப் பத்து மாத்திரைவரை போயிருக்கிறார். இரண்டு வாரத்தில் பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். அளவு மீறினால் டிரமடால் வலிப்பைக் கொண்டுவரும். கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

பிழைத்துக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் போதை மீட்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி டிரமடாலைப் பழைய அளவில் போட்டால் உயிரே போய்விடும், உடம்பு அதற்குள் அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும் என்று அண்ணாச்சியின் மனைவி அக்காவிடம் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "ஒரு சொட்டு குடிச்சதில்லையே தம்பி, அவருக்கா போதை?" என்று அக்கா கேட்டதற்கு என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கெடுபிடி கூடியது. ஆனாலும் அதே அபின் வகையைச் சேர்ந்த கோடீன் கலந்த இருமல் சிரப் கேட்டுப் பையன்கள் வருகிறார்கள். இல்லை என்பதோடு இப்போது நான் நிறுத்துவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறேன். கேட்கிறவனாகத் தெரிந்தால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கிறேன்.

போன வாரம் அக்கா தலைவலி மாத்திரை வாங்க வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"இதுல அது இல்லைல்ல தம்பி?"

வெறும் பாராசிட்டமால்தான். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.