வைவாவில் ஆக்சிஜனைத் தொலைத்த கதை

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. எங்கள் செட்டில் புராஜெக்டுக்கு 160க்குக் கீழே வாங்கியவள் நான் ஒருத்திதான். 200க்கு 142, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் சறுக்கியதால். முதல் வகுப்பு போகவில்லை, ஆனாலும் வயிறு எரிகிறது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நியாயமாக எழுதத் தொடங்கிவிடுவேன், அதில் யாருக்கும் பிரயோஜனம் இருக்காது.

கார்பன் நைட்ரைடை (கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு மஞ்சள் பொடி) வைத்து எம்.எஸ்ஸி. புராஜெக்ட் செய்கிறவர்களுக்குத்தான் இது.

எனக்கு ஊர் கோபி பக்கம். யூரியாவைச் சூடு பண்ணினாலே இந்த ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டால் வினையை நடத்தும் பொருள், கிடைத்துவிடும் என்று கைடு சொன்னபோது, எங்கள் வீட்டு ஆசாரத்து மூலையில் கிடக்கும் 45 கிலோ மூட்டைதான் கண்முன் வந்தது. அப்பாவிடம் கேட்டேன். "மேலுரத்துக்கு வெச்சது கண்ணு, ஒரு கை அள்ளிக்க" என்றார். டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுபோனேன். லேபில் பிஎச்.டி. பண்ணும் அக்கா திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது வேப்பெண்ணெய் பூசின யூரியா அம்மணி, பேசாம பாட்டில்ல இருக்கறத எடு" என்று சிரித்தார். 2015க்குப் பிறகு வயலுக்கு வரும் யூரியா அநேகமாக எல்லாம் வேம்பு பூசியதுதான், எனக்குத்தான் அது உறைக்கவில்லை. வைவாவில் 'ஏன் உர யூரியா கூடாது' என்றும் கேட்டார்கள். நான் திக்காமல் பதில் சொன்ன ஒரே கேள்வி அது.

செய்முறை உங்களுக்கே தெரியும். மூடி போட்ட க்ரூசிபிள், 550 டிகிரி, நாலு மணி நேரம். அம்மோனியா கிளம்பும்போது மாட்டுக் கொட்டாயில் நிற்கிற மாதிரி இருக்கும், கண் எரியும். பத்து கிராம் வைத்தால் அரை கிராம் தேறுவதே அதிர்ஷ்டம். கடலை மாவை இன்னும் கொஞ்சம் வெளுக்கவைத்த மாதிரி ஒரு பொடி. மெலமின் வைத்தால் நிறையக் கிடைக்கும், ஆனால் பரப்பளவு குறைவு. நான் யூரியாவையே பிடித்துக்கொண்டேன்.

சரி, வைவா. என் முதல் ஸ்லைடில் இருந்த தலைப்பு: 'கார்பன் நைட்ரைடு கொண்டு சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் தயாரித்தல்'. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) இரண்டாவது ஸ்லைடுக்குப் போகவே விடவில்லை.

"ஆக்சிஜன் எவ்வளவு வந்துச்சும்மா?"

"அளக்கலைங்க சார். ஹைட்ரஜன் மட்டுந்தான் பார்த்தோம்."

"அளந்திருந்தா வந்திருக்குமா?"

"வந்திருக்குங்க சார்."

இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் போனது. தண்ணீரைப் பிளந்தேன் என்றால் ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் வந்தாக வேண்டும். என் கரைசலில் 10 சதவீதம் ட்ரைஎத்தனாலமைன் இருந்தது. ஒளி பட்டதும் எலக்ட்ரான், பொடியோடு சேர்த்த பிளாட்டினத்துக்குப் போய் ஹைட்ரஜனைத் தருகிறது. மிச்சமான ஹோல் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) தண்ணீரைத் தொடுவதில்லை, ட்ரைஎத்தனாலமைனைத்தான் தின்கிறது. ஆக்சிஜன் வர வழியே கிடையாது. மூன்றாம் அத்தியாயத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அதையும் தலைப்பையும் சேர்த்துப் பார்த்ததுதான் இல்லை. "அப்ப தண்ணியை எங்கம்மா பொளந்தீங்க?" என்றார். பக்கத்தில் இருந்த கைடு ஜன்னலைப் பார்த்தார்.

அடுத்து 'சூரிய ஒளி'. நான் பயன்படுத்தியது 300 வாட் செனான் விளக்கு, அதில் 420 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத் தடுக்கும் ஃபில்டர். பொடியின் பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 2.7 எலக்ட்ரான் வோல்ட். 1240ஐ 2.7ஆல் வகுத்தால் சுமார் 460 நானோமீட்டர் வரும், அதற்கு மேற்பட்ட அலைநீளம் அதற்கு எட்டாது. ஆக, என் பொடி குடித்தது 420க்கும் 460க்கும் நடுவிலுள்ள ஒரு சந்து வெளிச்சத்தை. இதையும் அவரே போர்டில் போட்டுக் காட்டினார். தண்ணீரும் போச்சு, சூரியனும் போச்சு, தலைப்பில் மிஞ்சியது கார்பன் நைட்ரைடும் ஹைட்ரஜனும்.

வீட்டுக்கு வந்து வாங், ஆன்டோனியெட்டி குழுவின் 2009 கட்டுரையை மறுபடி எடுத்தேன். எல்லோரும் முதல் வரியிலேயே மேற்கோள் காட்டுகிற அதேதான். அதன் தலைப்பில் 'பிளத்தல்' என்ற சொல்லே இல்லை. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன், கண்ணுறு ஒளியில், அவ்வளவுதான். ஆக்சிஜனைக்கூட அவர்கள், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள சில்வர் நைட்ரேட் போட்டு, தனியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அத்தனை தடவை மேற்கோள் காட்டிய நான் தலைப்பை ஒழுங்காக வாசிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன்: எக்ஸ்ஆர்டியை (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) அப்புறம் படியுங்கள், தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அளவீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹோல் எங்கே போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

மற்றவை, வேகமாக:

- எக்ஸ்ஆர்டியில் 27.4 டிகிரி பீக் அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரம், 13 டிகிரி பீக் அடுக்குக்குள் இருக்கும் ஒழுங்கு. மாற்றிச் சொன்னால் தீர்ந்தது.
- இருட்டில் ஒரு ரன், பொடி இல்லாமல் ஒரு ரன். இரண்டும் இல்லாமல் போகாதீர்கள்.
- ஜிசியில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) கடத்து வாயுவாக ஏன் ஆர்கான்? ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் இருப்பதால் பீக் சரியாக விழாது. இதை என் தோழியிடம் கேட்டார்கள்.
- ஒரு கிராமுக்கு இத்தனை மைக்ரோமோல் என்று அடுத்தவர் எண்ணோடு போட்டி போடாதீர்கள். விளக்கு வேறு, ஃபில்டர் வேறு.
- 'உலோகம் இல்லாத வினையூக்கி' என்று சொல்லிவிட்டு 3 சதவீதம் பிளாட்டினம் போட்டிருந்தால், அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

மாக் வைவா (ஒத்திகைத் தேர்வு) வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவராது, நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மொட்டை மாடியில் தனியாக நடந்துகொண்டே கேள்வியும் பதிலும் நானே சொல்லிப் பார்ப்பேன். அதைத்தான் இன்னும் பத்து நாள் முன்னாடி தொடங்கியிருக்க வேண்டும்.

பைண்டிங் பண்ணின ஆய்வேட்டில் தங்க எழுத்தில் அதே தலைப்பு. ஒரு பிரதியை அப்பா ஆசாரத்தில் காலண்டருக்குக் கீழே வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, "தண்ணியவே பொளந்துபோட்டாளுங்க எம்புள்ள" என்கிறார். அவரிடம் ட்ரைஎத்தனாலமைனைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.