சித்தப்பாவின் எஃப்எம்2, என் எஃப்80

கேமராவில் ஃபிலிம் ரோலைப் போட்டு மூடியபின் வைண்டிங் லீவரைத் தள்ளும்போது, இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். அதை மறந்து, பக்கத்து வீட்டு அக்காவின் வளைகாப்பு முழுவதையும் எடுத்தேன். 36ஐத் தாண்டியும் லீவர் தடையில்லாமல் போனபோதுதான் வயிறு கலங்கியது. ஃபிலிமின் நாக்கு ஸ்பூலில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூடப் பதியவில்லை. வெகுநாள் அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை.

அந்த கேமரா நிக்கான் எஃப்எம்2. 1982ல் வந்த மாடல், இது 1984ல் திருத்தி வந்த வகை. முழுக்க இயந்திரம். உள்ளே இருக்கும் இரண்டு பொத்தான் பேட்டரிகள் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். அவற்றைக் கழற்றி வைத்தாலும் 1 நொடியிலிருந்து 1/4000 நொடி வரை ஷட்டர் அத்தனை வேகத்திலும் வேலை செய்யும்.

2002ல் என் சம்பளத்தில் நிக்கான் எஃப்80 வாங்கினேன். ஃபிலிமைத் தானே இழுத்துக்கொள்ளும், டப்பாவின் மேலிருக்கும் குறியீட்டைப் படித்து ஐஎஸ்ஓவை, அதாவது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் அளவை, வைத்துக்கொள்ளும், ஃபோகஸ் செய்யும், முடிந்ததும் தானே சுற்றி வைக்கும். வளைகாப்பு அன்று இது கையில் இருந்திருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஆனால் எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது மீட்டர்தான். எஃப்எம்2வில் இருப்பது போன்ற சாதாரண மீட்டர் தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிற்கும் மாப்பிள்ளையை எஃப்எம்2வில் அளந்து அப்படியே எடுத்தால் வேட்டி அழுக்காகத் தெரியும், முகம் இருண்டுவிடும். அதற்குச் சித்தப்பா ஒரு வழி வைத்திருந்தார். மாப்பிள்ளை மேல் விழும் அதே வெளிச்சத்தில் தன் உள்ளங்கையை நீட்டி, ஃப்ரேம் நிறைய அதை வைத்து அளப்பார். மீட்டர் எஃப்/8 என்றால் லென்ஸ் துவாரத்தை ஒரு படி பெரிதாக்கி எஃப்/5.6 வைப்பார் (எண் குறைந்தால் துவாரம் பெரிது). உள்ளங்கை அந்தச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளுப்பு. “யார் கையா இருந்தாலும் உள்ளங்கை பெருசா மாறாதுடா” என்பார்.

எஃப்80 காட்சியைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து அளக்கும். பெரும்பாலும் சரியாகவே கணிக்கிறது. தப்பும்போது ஏன் தப்பியது என்று எனக்குப் புரிந்ததெல்லாம் உள்ளங்கைப் பாடத்தால்தான். அந்தப் பாடம் இல்லாமல் நேராக எஃப்80இல் ஆரம்பித்திருந்தால், கேமரா சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த மாடலைத் தேடிப் போயிருப்பேன்.

புதியது எல்லாவற்றிலும் முந்தியதும் இல்லை. தாராசுரம் கோயிலில், கல் குதிரை தேரை இழுக்கும் அந்த மண்டபத்துக்கு வெளியே, உச்சி வெயிலில் ஒரு ஜோடியை எடுத்தேன். கண்குழியில் நிழல். ஃப்ளாஷ் போட்டாக வேண்டும். ஃப்ளாஷோடு எஃப்80 போகக்கூடிய ஷட்டர் வேகம் 1/125 நொடி வரைதான். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு அந்த வெயிலில் எஃப்/16 ஆகிவிடுகிறது. ஃப்ளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்கிட உதவும் கைடு நம்பர் என் ஃப்ளாஷுக்கு 32. அதை 16ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர், அவ்வளவுதான் எட்டும். சித்தப்பாவின் எஃப்எம்2வில் 1/250 கிடைக்கும், எஃப்/11 போதும், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தள்ளி நிற்கலாம். அந்த ஒரு மீட்டரில்தான் பின்னால் இருக்கும் தேர்ச் சக்கரமும் ஃப்ரேமுக்குள் வந்தது.

இன்னொன்று. சித்தப்பாவின் பழைய 50 எம்எம் லென்ஸ் எஃப்80இல் மாட்டும். மாட்டினால் மீட்டர் ஊமையாகிவிடும். அளக்க மீட்டரே இல்லாதபோது உள்ளங்கையும் உதவாது, வெயிலைப் பார்த்தே துவாரத்தையும் வேகத்தையும் வைத்துவிடுகிறேன்.

தாலி கட்டும் நேரத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை, எஃப்80தான். எஃப்எம்2வில் ஃபோகஸ் செய்ய, நடுவட்டத்தில் இரண்டாகப் பிளந்து தெரியும் படத்தை ஒட்ட வைக்க ஒரு நேர்க்கோடு வேண்டும், தூண் விளிம்போ மாலையின் நூலோ. கெட்டிமேளம் முழங்கி, அட்சதை பறந்து, நாலு தலை குறுக்கே வரும்போது அந்தக் கோட்டை எங்கே தேடுவது? சித்தப்பா முன்கூட்டியே மணவறைத் தூரத்தைக் கணக்குப் போட்டு ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவருக்கு அது வந்தது. எனக்கு இருபது வருடமாகியும் பாதிதான் வருகிறது.

இப்போது எஃப்எம்2வில் ஒரு கறுப்பு வெள்ளை ரோல் ஓடுகிறது, பதினோரு படம் ஆகியிருக்கிறது. குமிழ் சுற்றுவதைப் பார்த்துவிட்டேன். எஃப்80க்கு சிஆர்123 பேட்டரி இரண்டு வாங்க வேண்டும். தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம்.