குதிகால் நாண் வலியிலிருந்து மீண்டும் ஓட்டத்துக்கு: என் இயன்முறை சிகிச்சை அனுபவம்

கெண்டைக்கால் தசைகள் கீழே ஒன்றாகச் சேர்ந்து குதிகால் எலும்பில் பதியும் இடத்தில் உள்ள தசைநாணுக்கு அக்கிலீஸ் நாண் என்று பெயர். உடலில் உள்ள தசைநாண்களிலேயே தடித்ததும் வலுவானதும் அதுதான். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு விசை அதன் வழியே செல்கிறது. நாற்பதுகளில் இருக்கும் எனக்கு இடது காலில் அந்த நாண் வலிக்கத் தொடங்கி, மறுபடியும் ஒழுங்காக ஓடும் நிலைக்கு வர ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அதில் முதல் பாதியில் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் பாதியில் கிடைத்த சிகிச்சை எப்படி நடந்தது, அது ஏன் பலன் தந்தது என்பதை, இதே வலியோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

சென்னை சமதளமான ஊர். மேடு ஏறிப் பழக விரும்பும் ஓட்டக்காரர்கள் போக்குவரத்து தொடங்குவதற்கு முன்பே மேம்பாலங்களுக்குப் போய்விடுவது இங்கே வழக்கம். மலைப்பாதைப் போட்டி ஒன்றுக்காக எங்கள் குழுவும் சில வாரங்கள் அப்படிப் பயிற்சி செய்தது. அதே சமயத்தில் குதிகால் பகுதி தாழ்வாக உள்ள புதிய ஷூவுக்கும் நான் மாறியிருந்தேன். ஏற்றத்தில் ஓடுவதும் தாழ்ந்த குதிகால் கொண்ட ஷூவும் கெண்டைக்காலின் சுமையைக் கூட்டுபவை. இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்தன. முதலில் காலை நேர இறுக்கமாகத்தான் தெரிந்தது. படுக்கையிலிருந்து இறங்கிக் குளியலறை வரை நடக்கும்போது இடது குதிகாலுக்கு மேலே பிடித்து இழுக்கும், கொஞ்சம் நடந்ததும் விட்டுவிடும். ஓடத் தொடங்கும்போது வலித்தாலும் இரண்டாவது கிலோமீட்டரில் காணாமல் போய், ஓடி முடித்து உட்கார்ந்து எழும்போது திரும்ப வரும். சூடேறினால் மறைவதும் ஓய்வுக்குப் பின் திரும்புவதும் தசைநாண் வலியின் தனிக்குணம் என்று பின்னால் அறிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் முதலில் போன இடத்தில் ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லி, நாள்தோறும் அல்ட்ராசவுண்ட் கருவியாலும் மின்தூண்டல் கருவியாலும் சிகிச்சை தந்தார்கள். வலி குறைந்தது உண்மை. ஆனால் ஓடத் தொடங்கிய சில நாள்களிலேயே அது அதே இடத்துக்குத் திரும்பியது. மீண்டும் ஓய்வு, மீண்டும் கருவி, மீண்டும் அதே கதை. இதற்கான காரணம் எளியது. சுமை இல்லாமல் இருக்கும் காலத்தில் தசைநாணுக்கும் கெண்டைக்கால் தசைக்கும் இருந்த தாங்கும் திறன் இன்னும் குறைந்துவிடுகிறது. வலி அடங்கியதும் பழைய தூரத்தை ஓடப் போகிறவர், முன்பைவிட வலுக் குறைந்த நாணோடுதான் போகிறார். கருவி வலியைச் சற்றுத் தணிக்கலாம், நாணை வலுவாக்காது. இவ்வளவு முக்கியமான செய்தியை வலியோடு வருபவரிடம் முதல் நாளே யாரும் சொல்லாமல் விடுவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஓட்டக் குழு நண்பர் ஒருவர் சொல்லி, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அடுத்து போனேன். முப்பது வயதைத் தாண்டியிராத அந்தப் பெண்மணி, காலைத் தொடுவதற்கு முன்பே வெகுநேரம் கேள்விகள் கேட்டார். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், அது எப்போது கூடியது, எந்த ஷூ, சர்க்கரை நோய் உண்டா, கொழுப்பு அளவு என்ன, அண்மையில் சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா என்று வரிசையாக விசாரித்தார். அந்த வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிறகு என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினார். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்ததைப் பார்த்து, நாண் அறுபடவில்லை என்றார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்தபடி குதிகாலிலிருந்து மேல்நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். எலும்புக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வலது கால் நாணையும் அதே இடத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இடது நாண் தடித்திருப்பது என் விரலுக்கே தெரிந்தது.

அடுத்த சோதனைதான் என்னை யோசிக்கவைத்தது. சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். வலது காலில் சிரமமில்லாமல் முடிந்த எண்ணிக்கையில் பாதியைக்கூட இடது காலால் தொட முடியவில்லை. பல மாத ஓய்வின் விலை அதில் கண்கூடாகத் தெரிந்தது. விசா-ஏ என்ற 8 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றையும் நிரப்பினேன். ஆஸ்திரேலியாவில் உருவாகி 2001-இல் வெளியான அந்தப் படிவத்தில் 100 மதிப்பெண் என்றால் குறையே இல்லாத நாண்; என் மதிப்பெண் பாதிக்கும் கீழே இருந்தது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வலியே இல்லாத ஓட்டக்காரர்களின் ஸ்கேனிலும் நாணில் மாற்றங்கள் தெரிவதுண்டு என்பதால், கைச்சோதனையில் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது ஸ்கேனால் சிகிச்சை மாறப்போவதில்லை என்று அவர் விளக்கினார்.

அவர் தந்த பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்வீடனின் உமியோ நகரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன், வழக்கமான சிகிச்சைகளில் பலன் காணாத 15 பேருக்கு, குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை 12 வாரங்கள் தந்து, 1998-இல் அதன் முடிவை வெளியிட்டார். 15 பேரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை என்றாலும், தசைநாணைக் குணப்படுத்தச் சுமைதான் வழி என்ற எண்ணம் அந்த ஆய்வுக்குப் பிறகு நிலைபெற்றது.

எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில்தான் அந்தப் பயிற்சியைச் செய்தேன். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய நின்று, கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொண்டு, இரண்டு கால்களாலும் குதிகாலை உயர்த்த வேண்டும். உச்சியில் வலது காலை எடுத்துவிட்டு, முழு எடையையும் இடது காலில் ஏற்றி, படியின் மட்டத்துக்குக் கீழே குதிகால் இறங்கும் வரை மூன்று விநாடி எண்ணி மெதுவாகத் தாழ்த்த வேண்டும். மேலே போக மறுபடியும் வலது கால் துணைக்கு வரும். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் 3 சுற்று. சற்று மடக்கி இன்னொரு 3 சுற்று. மடக்கினால்தான் கெண்டைக்காலில் அடியில் இருக்கும் சோலியஸ் என்ற தசைக்கு வேலை போய்ச் சேரும், நீண்ட தூரம் ஓடுபவருக்கு அந்தத் தசை மிக முக்கியம். காலையும் மாலையும், வாரம் ஏழு நாளும் இதைச் செய்ய வேண்டும். உடல் எடை இலகுவாகத் தெரியத் தொடங்கியதும் முதுகுப்பையில் அரிசிப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு இறங்கினேன். ஆறு, ஏழு வாரங்களுக்குப் பிறகு, நாளுக்கு இரண்டு முறை செய்வது அலுவலக நேரத்தோடு ஒத்துவராமல் போகவே, ஜிம்மில் வாரம் மூன்று நாள் கனமான எடையோடு மெதுவாக ஏற்றி இறக்கும் முறைக்கு மாற்றித் தந்தார். இரண்டு முறைகளுக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று டென்மார்க்கில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

பயிற்சியின்போது வலித்தது. வலித்தால் நிறுத்த வேண்டும் என்றே பழகியிருந்த எனக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது. "வலி இருக்கலாம் சார், பத்துக்கு அஞ்சு வரைக்கும் பரவாயில்ல. ஆனா நாளைக்குக் காலையில அது கூடியிருக்கக் கூடாது," என்றார் மருத்துவர். ஸ்வீடனில் 2007-இல் வெளியான ஆய்வொன்றில், இந்த அளவுகோலைக் கடைப்பிடித்து ஓட்டத்தையும் தொடர்ந்தவர்களுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. ஆகவே தினமும் காலையில் எழுந்து நடக்கும் முதல் அடிகளின் வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இந்தச் சிகிச்சையில் நான் கற்றவற்றுள் ஆகப் பெரியது அந்தக் காலை நேர எண்ணைப் படிப்பதுதான். எண் ஏறினால் அன்று சுமையைக் குறைப்பேன், பயிற்சியை அடியோடு விடமாட்டேன். ஒருமுறை குடியிருப்பின் லிஃப்ட் பழுதாகி, மளிகைச் சாமான்களோடு ஆறு மாடி ஏறி இறங்க வேண்டிய வாரத்தில் வலி திடீரென்று கூடியது. பழைய நாளாக இருந்தால் எல்லாம் கெட்டுவிட்டது என்று ஓய்வில் விழுந்திருப்பேன். குறிப்பேட்டைப் பார்த்த மருத்துவர், எடையை மட்டும் பாதியாக்கி மேலும் சில நாள் தொடரச் சொன்னார். அடுத்த வாரமே எண் பழைய இடத்துக்கு இறங்கியது.

அதே மருத்துவமனையில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் என்னோடு சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். நந்தனம் மைதானத்தில் கோல்ஃப் ஆடுபவர். அவருக்கு வலது முழங்கையின் உட்புறம் வலி. கோல்ஃப் முழங்கை என்று அழைக்கப்படும் அதே கோளாறு. மணிக்கட்டை மடக்கும் தசைகளின் நாண்கள் முழங்கை எலும்பில் தொடங்கும் இடம் அது. கட்டையை இறுகப் பிடித்து மீண்டும் மீண்டும் அடிப்பதும், பந்துக்கு முன்பே கட்டை தரையில் மோதுவதும் அந்த இடத்தைச் சோதிக்கும். மேசையில் முன்கையைக் கிடத்தி, உள்ளங்கை மேல்நோக்க, சிறிய டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்குவதுதான் அவருடைய பயிற்சி. ஏற்றிய சுமையும் எண்ணிய விநாடியும் மறுநாள் காலைக் கணக்கும் எனக்குச் சொன்னவையேதான். "உங்களுக்குக் கால், எனக்குக் கை, மத்தபடி ஒரே பாடம்தான் தம்பி," என்பார். முன்னர் அவர் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். சில வாரங்கள் நன்றாக இருந்து, பிறகு வலி திரும்பிவிட்டதாம். அவருடைய இடுப்பும் நடுமுதுகும் எவ்வளவு திரும்புகின்றன என்பதையும் மருத்துவர் அளந்தார். அங்கே திருப்பம் குறைந்தால் கையே மிகுதி வேலையைச் செய்ய நேரிடும் என்றார்.

ஓட்டத்துக்குத் திரும்பியதும் படிப்படியாகத்தான். ஒற்றைக் காலில் குதிகால் தூக்கும் எண்ணிக்கை வலது காலுக்கு நெருங்கி வந்து, இடது காலில் குதிப்பதும் வலி கூடாமல் முடிந்த பிறகே அவர் அனுமதி தந்தார். சமதளத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை எனத் தொடங்கி, ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். அடுத்தடுத்த நாள்களில் ஓடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். கடுமையான சுமைக்குப் பின் முதல் ஒன்றரை நாள் வரை நாணின் இழைகளை ஆக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் சிதைவு அதன் உற்பத்தியை மிஞ்சியிருக்கும், அதன் பிறகே கட்டமைப்பு முந்தும் என்பது அதற்கான காரணம். பெசன்ட் நகர்க் கடற்கரையின் மணலில் ஓடுவதைத் தள்ளிவைத்தேன். மணலில் குதிகால் புதைந்து நாண் கூடுதலாக இழுபடும். மேம்பாலம் கடைசியாகத்தான் வந்தது.

இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யத் துணிபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வலி நாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்பை ஒட்டி இருந்தால், படிக்குக் கீழே குதிகாலை இறக்கக் கூடாது. அங்கே நாண் எலும்போடு நசுங்கும். தரைமட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போன்ற அதிர்ச்சியோ சத்தமோ உணர்ந்து, அதன்பின் முன்பாதத்தில் எழும்ப முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். இயன்முறை மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் ஒன்று சொல்வேன். முதல் சந்திப்பில் இரண்டு கால்களின் வலுவையும் எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்பவரிடமும், வீட்டில் செய்ய வேண்டியதை எண்ணிக்கையோடு எழுதித் தருபவரிடமும் தொடருங்கள்.

இப்போதும் வாரம் இரண்டு நாள் எடையோடு குதிகால் பயிற்சியைச் செய்துவருகிறேன். குளிர்ந்த காலைகளில் இறுக்கம் சில அடிகளுக்கு எட்டிப் பார்ப்பதுண்டு. குறிப்பேட்டில் அது 1 அல்லது 2-ஐத் தாண்டுவதில்லை. வரும் ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தானுக்குப் பதிவு செய்திருக்கிறேன். முழு மாரத்தானை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதற்கு ஒப்புக்கொண்டுவிட்டேன்.