கேனில் ஊற்றுவதற்கு முன்னால்

எங்கள் கட்டுத்தறியில் ஆறு மாடு கறவையில் இருக்கிறது. ஆறின் பாலும் ஒரே கேனில்தான் போகும், சொசைட்டி ரசீதில் ஒரே ஒரு ஃபேட் (கொழுப்பு), ஒரே ஒரு எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) வரும். நேற்று 4.1, 8.3. பதினோரு வருடமாக இந்த இரண்டு எண்ணைப் பார்த்துத்தான் மாடுகள் நன்றாக இருக்கின்றன, தீவனம் சரியாகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தப்பு என்று இரண்டு வருடம் முன்னால் ஒரு மாடு காட்டியது.

மூன்றாம் ஈத்துக் கன்று போட்டிருந்தது. மூன்றாவது வாரத்தில் நாளைக்கு 16 லிட்டர், தொட்டியில் வைத்த அடர்தீவனத்தில் பாதி அப்படியே மிச்சம். குறைவாகத் தின்று நிறையக் கறக்கிற மாடு, கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். கேன் ஃபேட்டும் 4.0-இலிருந்து 4.4-க்கு ஏறியது, ரேட்டும் கூடியது. அப்புறம் ஒரு நாள் காலையில் தவிட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல், சோளத்தட்டை மட்டும் இரண்டு வாய் கடித்துவிட்டு நின்றது. முகத்துக்குப் பக்கத்தில் போனால் அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை. டாக்டர் வந்து கீட்டோசிஸ் என்றார், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். மாடு பிழைத்தது, ஆனால் அந்த ஈத்தில் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

நடந்தது இதுதான். வயிற்றுக்குள் போனது போதாமல், தன் முதுகிலும் இடுப்பிலும் இருந்த கொழுப்பைக் கரைத்துப் பாலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கொழுப்புக்குத்தான் எனக்குக் கூடுதல் ரேட் வந்தது.

பாலில் இருக்கிற கொழுப்பு முக்கியமாக இரண்டு வழியில் வருகிறது. நார்த்தீவனம் அசையூண் வயிற்றில் நொதித்து அசிட்டிக் அமிலமாகி, அதை வைத்து மடியே செய்துகொள்கிற குட்டைச் சங்கிலிக் கொழுப்பு ஒன்று. தீவனத்திலிருந்தோ, உடம்புக் கொழுப்பு கரைந்தோ ரத்தத்தில் மிதந்து வந்து மடியில் சேர்கிற நீளச் சங்கிலிக் கொழுப்பு இன்னொன்று, உடம்பு கரைந்து வந்ததில் ஒலியிக் அமிலம் தூக்கலாக இருக்கும். பெரும்பாலான கிராமத்துச் சொசைட்டிகளில் இருப்பது மீயொலியை வைத்து அளக்கிற மெஷின், அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பால் சோதிக்கிற மெஷின் வேறு மாதிரி. கொழுப்பு, புரதம், லாக்டோஸ் ஒவ்வொன்றின் பிணைப்பும் ஒளியில் வேறு வேறு இடத்தை உறிஞ்சுவதால், ஒரு பாட்டில் பாலுக்குச் சுமார் ஆயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கோடு கிடைக்கிறது. ஐரோப்பாவில் மாடு மாடாக எடுக்கும் மாதாந்திரச் சோதனை இந்த மெஷினில்தான் ஓடுகிறது. அயர்லாந்தின் மூர்பார்க் ஆராய்ச்சி நிலையத்தார், ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மாடும் தின்றதை எடைபோட்டு வைத்திருந்த ஒரு ஆராய்ச்சி மந்தையின் கணக்கை எடுத்து, அதே மாடுகளின் பால் கோட்டோடு பொருத்திப் பார்த்தார்கள். மாடு உடம்பைக் கரைக்கிறதா, சேர்க்கிறதா என்பதை அந்தக் கோட்டிலிருந்தே ஓரளவு சொல்லலாம் என்று 2011-இல் எழுதினார்கள். புதிதாக ஒரு சொட்டுப் பால்கூட எடுக்க வேண்டாம், ஏற்கெனவே சோதிக்கிற பாட்டிலே போதும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் தின்றதை ஒரு மாடு எவ்வளவு நன்றாகப் பாலாக்குகிறது என்கிற தீவனத் திறனைப் பாலிலிருந்து அறிவது இன்னும் ஒரு படி கஷ்டமானது. இந்த எடைக்கும் இந்தப் பாலுக்கும் இந்த மாடு இவ்வளவு தின்ன வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு, அதைவிட எவ்வளவு கூடவோ குறையவோ தின்கிறது என்று பார்க்க வேண்டும். 1963-இல் அமெரிக்காவில் கறி மாடுகளுக்காக வந்த கணக்கு இது. எவ்வளவு தின்றது என்பதைப் பால் ஓரளவு நன்றாகவே சொல்லும், இந்தக் கூடுதல் குறைவைச் சொல்வதில்தான் தடுமாறும். செரிமானத்தில் வீணாவது, சூடாகப் போவது, நடந்து தீர்ப்பது எதுவும் பாலில் நேராக எழுதப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2015-இலும் அமெரிக்காவில் 2020-இலும் தீவனச் சிக்கனத்துக்கென்று காளைகளுக்கு மதிப்பெண் வந்தபோது, அதற்கு அடித்தளமாக இருந்தது மாடு மாடாகத் தீவனத்தை எடைபோட்ட கணக்குதான்.

அதனால் நானும் தராசு வாங்கினேன். போன தை மாதத்திலிருந்து மாதம் ஒரு நாள், காலையும் மாலையும் ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனியாக எடைபோட்டு, முழுக் கறவையையும் நன்றாகக் கலக்கிய பிறகு சின்ன பாட்டிலில் எடுக்கிறேன் (முதல் பாலில் கொழுப்பு குறைவு, கடைசிப் பாலில் அதிகம், கலக்காமல் எடுத்தால் எண் பொய்தான்). கூட்டம் குறைந்த பிறகு சொசைட்டியில் சோதித்துத் தருகிறார்கள். கூடவே ஐந்து நாள் வைத்த தீவனத்தையும் மிச்சத்தையும் எடைபோடுவேன்.

கருப்பியும் செவலையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கன்று போட்டவை, இரண்டுக்கும் ஐந்தாவது மாதம், இரண்டும் உடம்பு இறங்கவில்லை. கருப்பி 12 கிலோ, ஃபேட் 3.5. செவலை 10.5 கிலோ, ஃபேட் 4.6. பாலின் எடையை 0.4-ஆல் பெருக்கி, கொழுப்புக் கிலோவை 15-ஆல் பெருக்கிக் கூட்டினால் 4 சதவீதக் கொழுப்புக்குச் சமமான பால் வரும். கருப்பிக்கு 11.1, செவலைக்கு 11.4. பசுந்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் எடை, தட்டிலும் தவிட்டிலும் பத்தில் ஒன்பது பங்கு. அப்படிப் போட்டால் கருப்பி தின்றது 12.2 கிலோ, செவலை 10.3. தின்ற ஒரு கிலோவுக்குக் கிடைத்த பால் 0.91, 1.11. இத்தனை நாள் கருப்பிதான் நல்ல மாடு என்று அதற்கு ஒரு கை புண்ணாக்கு கூடவே வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுச் சமன்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புல் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய புல்) தின்கிற ஹோல்ஸ்டீன் மாட்டில் உருவானது, சோளத்தட்டும் கோ-4 புல்லும் தின்கிற நம் கலப்பின மாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் நம்மால் முடியாத வேலையும் இல்லை. தேசியப் பால்வள வாரியத்தின் சரிவிகிதத் தீவனத் திட்டத்தில் காதில் 12 இலக்க டேக் போட்டு, மாடு மாடாகப் பாலும் ஃபேட்டும் தீவனமும் பதிந்திருக்கிறார்கள். கலப்படம் பிடிக்க அகச்சிவப்பு மெஷின்கள் பெரிய பால் ஆலைகளில் இருக்கின்றன. காட்டுப்பாக்கம் போன்ற பல்கலைக்கழகப் பண்ணைகளில் ஒரு ஐம்பது மாட்டுக்கு இரண்டு வருடம் தீவனத்தை எடைபோட்டு, அந்தப் பாலை அந்த மெஷினில் ஓட்டினால், நமக்கென்று ஒரு கணக்கு தொடங்கிவிடும்.

அதுவரை என்னிடம் இருப்பது சின்ன அடையாளம்தான். கன்று போட்ட முதல் இரண்டு மாதத்தில் ஒரு மாட்டுக்கு ஃபேட் திடீரென்று ஏறி எஸ்.என்.எஃப் இறங்கினால், தொட்டியில் மிச்சம் இருக்கிறதா, முதுகெலும்பு தெரிகிறதா என்று அன்றைக்கே பார்க்கிறேன். அடுத்த சோதனை வரும் 10-ஆம் தேதி. மயிலை கன்று போட்டு அன்றைக்குப் பதினாறாவது நாள், அதன் பாட்டிலைத்தான் முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.