என்கிளெக்ஸ் எழுதப் போகும் நர்ஸ்களுக்கு: முதலில் மாநிலம், பிறகு பெயர், அப்புறம்தான் புத்தகம்

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் தருவது மத்திய அரசு அல்ல, அந்தந்த மாநிலத்தின் நர்ஸிங் போர்டு. அந்த லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ்-ஆர்என் (ஆர்என் என்றால் பதிவு பெற்ற நர்ஸ்) எல்லா மாநிலத்துக்கும் ஒரே தேர்வுதான். ஆனால் எழுத அனுமதிப்பதும், பின்னாளில் தப்பு நடந்தால் லைசென்ஸை நிறுத்தி வைப்பதும் மாநிலம். எனவே மாநிலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். டெக்சாஸ் என்றால் அந்த மாநில நர்ஸிங் சட்டத்தைப் பற்றிய ஜூரிஸ்புருடன்ஸ் தேர்வும் தனியாக உண்டு. சான்றிதழ் சரிபார்ப்புக்கான தாள்களைக் கல்லூரியும் நம் ஊர் நர்ஸிங் கவுன்சிலும் நேரடியாக அனுப்ப வேண்டும். கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடுவது இனிஷியலில். மார்க்‌ஷீட்டில் 'எம். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா முருகேசன்' என்று இருக்கும். தேர்வு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு அப்படியே பொருந்தாவிட்டால் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

தேர்வு 5 மணி நேரம், குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. 85-இல் திரை அணைந்தால் பாஸ் என்றோ ஃபெயில் என்றோ அர்த்தமில்லை. நீங்கள் பாஸா ஃபெயிலா என்பதில் கணினிக்கு 95 சதவீத உறுதி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். 'பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடு' கேள்விகளில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு, தவறான தேர்வுக்குக் கழிப்பும் உண்டு. சந்தேகமானதைச் சும்மா டிக் செய்யாதீர்கள்.

படிப்பில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது பராமரிப்பு மேலாண்மை (மேனேஜ்மென்ட் ஆஃப் கேர்) என்ற பகுதி. 15 முதல் 21 சதவீதம் வரை வரும், சட்டமும் ஒழுங்கு நடவடிக்கையும் இதற்குள்தான். நம் வார்டில் யார் கை காலியோ அவர் வேலையைப் பார்ப்பார். அங்கே அப்படி இல்லை. புதிதாக அட்மிட் ஆனவரின் முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், சிகிச்சையின் பலனை எடைபோடுவது மூன்றும் ஆர்என் வேலை. யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. நிலையாக உள்ள நோயாளிக்கு வாய்வழி மருந்தை எல்பிஎன் (ஆர்என்னுக்கு அடுத்த கீழ்நிலை லைசென்ஸ் பெற்ற நர்ஸ்) கொடுக்கலாம். சிறுநீர் அளவு குறிப்பது, குளிப்பாட்டுவது உதவியாளருக்கு. 'டாக்டரிடம் சொல்' என்ற விடை நம்மைச் சுண்டி இழுக்கும். கேள்வியில் தரப்பட்ட விவரம் முடிவெடுக்கப் போதாதென்றால் முதலில் நோயாளியைப் பார்ப்பதே சரி.

நோயாளி கீழே விழுந்தால் என்ன நடந்தது என்பதை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இன்சிடென்ட் ரிப்போர்ட் போட்டதாக அதில் குறிக்கக் கூடாது. மீந்த மார்ஃபினைக் கொட்டும்போது இன்னொரு நர்ஸ் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பார்க்காமல் போட்ட கையெழுத்தும் போர்டு விசாரணைக்கு இழுத்துவிடும். சக நர்ஸ் போதையில் பணிக்கு வந்தால் அவரிடம் வாதிடுவது விடையல்ல, உடனே மேற்பார்வையாளரிடம் சொல்வதே விடை.

விண்ணப்பத்தில் பழைய வழக்கு, தண்டனை பற்றிய கேள்விக்கு உண்மையையே எழுதுங்கள். சிறிய வழக்கைப் போர்டு மன்னிக்கலாம். மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் குற்றம். ஒரு மாநிலம் எடுத்த நடவடிக்கை நர்ஸிஸ் தரவுத்தளம் வழியாக மற்ற மாநிலங்களுக்கும் தெரிந்துவிடும்.

தவறினால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். அதற்குள் வரும் செயல்திறன் அறிக்கையில் எந்தப் பகுதி தேர்ச்சி நிலைக்குக் கீழே என்று இருக்கும்; அங்கிருந்து தொடங்குங்கள்.