காசிமேட்டு இரவும் கறுப்பு வெள்ளைக் காதலும்

பின்னாளில் ஃபிலிம் நுவார் என்று பெயர் பெற்ற 1940-களின் ஹாலிவுட் குற்றப்படங்களின் காதலை வைத்துக் கவிதை எழுத உட்கார்ந்தால், முதலில் கைக்கு வருபவை தொப்பியும் மழைக்கோட்டும் சிகரெட் புகையும்தான். அவற்றை நான் எழுதுவதில்லை. ராயபுரத்தில் மழைக்கோட்டுப் போட்ட துப்பறிவாளனை யாரும் கண்டதில்லை என்பது சிறிய காரணம். அந்தப் படங்களின் உயிர் அங்கே இல்லை என்பதே பெரிய காரணம்.

அந்த உயிர், காதலைச் சொல்பவன் எப்போது சொல்கிறான் என்பதில் இருக்கிறது. பில்லி வைல்டர் இயக்கி 1944-இல் வெளிவந்த 'டபுள் இண்டெம்னிட்டி'யில், இன்சூரன்ஸ் ஏஜென்டான வால்டர் நெஃப், தோளில் குண்டுக்காயத்தோடு இரவில் அலுவலகத்துக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து, பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொலை செய்ததையும், பணமும் அவளும் கிடைக்காமல் போனதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அந்தக் குரலை விட்டு நம்மால் எழுந்து போக முடிவதில்லை.

இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 25-ஆம் பாடலில் கபிலரின் தலைவி, தன்னை மணந்தவனைக் கள்வன் என்கிறாள். அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அங்கே வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த, தினைத்தாள் போன்ற கால்களையுடைய குருகு மட்டுமே இருந்தது என்கிறாள். குற்றம் சாட்டப்பட்டவன் இருக்கிறான், சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. இதைவிடக் கச்சிதமான ஒரு நுவார் காட்சியை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

ஜாக் டூர்னர் இயக்கிய 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' 1947-இல் வந்தது. அதில், தப்பிப்போன பெண்ணைத் திருப்பி அழைத்துவர அனுப்பப்பட்ட துப்பறிவாளன், மெக்ஸிகோவின் அகாபுல்கோ கடற்கரையில், மீன்வலைகளுக்கு நடுவே அவளை முத்தமிடுகிறான். பணத்தைத் தான் எடுக்கவில்லை என்று அவள் சொல்ல, அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று அவன் சொல்லிவிடுகிறான். அந்த வலைகளைப் பார்த்த நாளிலிருந்து என் கவிதைகள் காசிமேட்டுக்கு வந்துவிட்டன. நள்ளிரவுக்குப் பிறகு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் கயிறுகளும் வலைகளும் தரையில் குறுக்கும் நெடுக்குமாக நிழல் போடுகின்றன. அந்தப் படங்களின் ஜன்னல் தட்டிகள் முகங்களின்மேல் போட்ட கோடுகளுக்கு இவை சற்றும் குறைந்தவையல்ல. அங்கிருந்து எழுதியது இது:

வலைகளுக்குள் நின்றுதான் பேசினோம்;
உலர்வதற்கு விரித்தவை என்றிருந்தேன்.
உன் முகத்தில் பாதிக்கு வெளிச்சம்,
மறுபாதியை நான் கேட்கவில்லை.
ஏலக் குரல் எழுந்த வேளையில்
என் பெயரும் விலைபோயிருந்தது.
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன்
எங்களைக் கண்டிருக்கலாம்;
அவன் கண் மீன்மேல் இருந்தது.

குருகின் இடத்தில் ஐஸ் உடைப்பவனை நிறுத்தியது கபிலருக்கு நான் பட்ட கடன். அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஹாலிவுட் படங்களோடு எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. பெண் அங்கே பெரும்பாலும் ஆணின் நினைவுக்குள்ளேயே வாழ்கிறாள். அவளுடைய பக்கத்தை அவளே சொல்லும் வாய்ப்பு அரிது. அகப்பாடலிலோ தலைவி தானே பேசுகிறாள், கேட்பதற்குத் தோழி இருக்கிறாள். தமிழ்ப் படத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னைமேல் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்டு எஸ். பாலசந்தர் இயக்கி, பாடலே இல்லாமல் 1954-இல் வெளியான 'அந்த நாள்' படத்தில், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவன் இறப்பது அவனை நேசித்த மனைவியின் கையால். பண்டரிபாய் ஏற்ற அந்தப் பாத்திரம் எந்த ஹாலிவுட் மோகினிக்கும் இளைத்ததன்று. அவளைக் கெடுப்பது பேராசையன்று, நேர்மை.

இப்போது எழுதிவரும் கவிதைகளில் அப்படிப்பட்ட ஒருத்திதான், மீன் கூடையை இறக்கிவைத்த தன் தோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது. எழுத்துத் தமிழில் பேசுவாளா, காசிமேட்டுப் பேச்சில் பேசுவாளா என்பதை எழுதித்தான் கண்டுகொள்ள வேண்டும்.