பாம்பு பிடிக்கத் தெரியுமா?

வட மாவட்டங்களில் பாம்பு பிடிப்பதற்குப் பேர்போன பழங்குடிகளான இருளர்களின் குடியிருப்புகளில் வேலை பார்க்கும் சமூகப் பணியாளர்கள் தேய்க்கும் செருப்பில் பாதி, சாதிச் சான்றிதழுக்காகத் தேய்வது. எஸ்.சி. சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்துவிடலாம். எஸ்.டி. (பழங்குடி) என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கையெழுத்து வேண்டும். இ-சேவையில் போட்ட மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக ஏறியாக வேண்டும்.

மனுவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சின்ன விஷயம். டி.சி.யில் 'வில்லி' என்று இருக்கும். ஊர்க்காரர்கள் அழைத்ததைத் தலைமையாசிரியர் அப்படியே எழுதியிருப்பார். அரசின் பழங்குடிப் பட்டியலில் இருப்பதோ 'இருளர்'. ரேஷன் கார்டில் காசி, ஆதாரில் காசியப்பன். தை பிறந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். விசாரணைக்கு வருபவர் பூட்டிய குடிசையைப் பார்த்து 'ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டுப் போவார். ஆடி, ஆவணியில் மனு போட்டால் இந்த ஒரு தொல்லையாவது குறையும். தகப்பன் வழியில் யாருக்காவது சான்றிதழ் இருந்தால் வம்சாவளி வரைந்து அதையும் சேர்க்க வேண்டும். மாமன், மச்சான் சான்றிதழ் எடுபடாது.

இதையெல்லாம் தாண்டினால் அந்தக் கேள்வி வரும்: "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உரிமம் இல்லாமல் பாம்பு பிடிப்பதே குற்றம். பிடிக்கத் தெரியாத பையன் இருளன் இல்லை என்றால், பிடிக்கிறவனை என்ன செய்வார்கள்? பழக்கவழக்கப் பொருத்தத்தை மட்டுமே உரைகல்லாக வைக்கக் கூடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கொன்றில் சொல்லிவிட்டது. தீர்ப்பின் அந்தப் பக்கத்தை மனுவோடு இணைப்பது நல்லது. கன்னியம்மன் வழிபாட்டையும், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவதையும் குறிப்பில் எழுதலாம், கூடுதல் சான்றாக மட்டும்.

அதிகாரியைச் சொல்லிப் பயனில்லை, நம் பக்கமும் கோளாறு உண்டு. அறுபது வயது அம்மாவை "வா, உக்காரு" என்று ஒருமையில் பேசிவிட்டு, பக்கத்தில் நிற்கும் சூளை மேஸ்திரியை "வாங்கண்ணே" என்கிறோம். அந்த மேஸ்திரி முன்னாலேயே அம்மாவிடம் "எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சாமி" என்றுதான் பதில் வரும். அட்வான்ஸ் கடனுக்காகச் சூளையில் கட்டுண்டு கிடப்பவர் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுதலைச் சான்று பெறவேண்டிய வழக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடும். மேஸ்திரி இல்லாத நேரத்தில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தபின் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஒருவருக்குச் சான்றிதழ் வந்துவிட்டால், அண்ணன் தம்பி பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே வாரம் மனு போட்டுவிட வேண்டும். அதிகாரி மாறினால் மறுபடியும் பாம்பிலிருந்துதான் தொடங்குவார்கள்.